வாரம் அரை மணி நேரம் பிசியோதெரபி... இறுகிப்போன பிஞ்சுக் கைக்கு இது போதுமா?

காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் ஏனாத்தூர், வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்களால் தெரியும். ஒன்று, சங்கரா பல்கலைக்கழகம். இன்னொன்று, மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையில் இங்கே பஸ்ஸை விட்டு இறங்குபவர்களில் பாதிப் பேர் கையில் புத்தகம் இருக்கும், மீதிப் பேர் கையில் ஸ்கேன் கவர் இருக்கும்.

ஊரிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, இங்கே ஒரு வீட்டில் பெருமூளை வாதம் உள்ள குழந்தை இருந்தால் சிகிச்சைக்கு என்ன குறை என்றுதான் யாருக்கும் தோன்றும். உத்திரமேரூர் தாண்டி உள்ளே இருக்கிற கிராமங்களோடு ஒப்பிட்டால், இது நியாயமான கேள்வியும்கூட. ஆனால் ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் பிசியோதெரபி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 52 வாரம். ஒரு வாரம்கூட விடாமல் போனால் மொத்தம் 26 மணி நேரம். இதில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம், ஆடி மாதம் ஊர்த் திருவிழா, ஐப்பசி மழை, ஒரகடம் கம்பெனியில் அப்பாவுக்கு ஷிஃப்ட் மாறிய வாரம் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். இருபது மணி நேரம் தேறினால் பெரிய விஷயம். அதிலும் குழந்தை அழாமல் ஒத்துழைத்த நேரம் எவ்வளவு என்பது தனிக் கணக்கு.

இப்போது இன்னொரு எண். ஒரு குழந்தையின் கைச் செயல்பாடு முன்னேற எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, 2020-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். சட்டைப் பட்டன் போடுவது, டிபன் பாக்ஸைத் திறப்பது மாதிரி குறிப்பிட்ட ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள சுமார் 14 முதல் 25 மணி நேரம். பொதுவாகவே கையின் திறன் கூட வேண்டும் என்றால் 30 முதல் 40 மணி நேரத்துக்கும் மேல். இந்த மணி நேரங்களை வருடம் முழுக்கத் தூவி விடவும் முடியாது. சில வாரங்களுக்குள் அடர்த்தியாக நடக்க வேண்டும்.

அதாவது, நம்மூரில் 'தெரபிக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கோம்' என்று சொல்லும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்தில் கிடைப்பது, சில வாரங்களில் கிடைக்க வேண்டிய அளவைவிடக் குறைவு. இதற்கு அந்தக் குடும்பத்தையோ தெரபிஸ்ட்டையோ குறை சொல்ல முடியாது. சிகிச்சை என்றால் மருத்துவமனை மேசையில் நடப்பது என்று நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டியிருப்பதுதான் சிக்கல்.

கை ஏன் இறுகுகிறது?

அரசுத் தாள்களில் 'மூளை முடக்குவாதம்' என்று எழுதப்படும் பெருமூளை வாதம், வளரும் மூளையில் ஏற்பட்ட காயத்தின் விளைவு. குறைமாதப் பிறப்பு, பிரசவ நேரத்தில் ஆக்சிஜன் தடைபடுவது, பிறந்தவுடன் வரும் கடுமையான மஞ்சள் காமாலை, தொற்று, கருவிலேயே வரும் பக்கவாதம் என்று காரணங்கள் பல. நிறைய குழந்தைகள் விஷயத்தில் இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்டவே முடியாது. 'கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தா, அதான்' என்று அம்மாவைக் குற்றவாளியாக்கும் பேச்சுக்கு மருத்துவத்தில் துளியும் ஆதாரம் இல்லை.

மூளையில் ஏற்பட்ட காயம் அதற்குப் பிறகு வளராது. ஆனால் குழந்தை வளரும். பிரச்னையே அங்கேதான்.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு தசை இறுக்கம் இருக்கிறது. 'தளர்ந்து போ' என்று மூளையிலிருந்து வர வேண்டிய உத்தரவு சரியாக வந்து சேராததால், தசை எப்போதும் உஷாராகவே இருக்கிறது. இதற்கு ஒரு வினோத குணம் உண்டு. கையை மெதுவாக நீட்டினால் ஓரளவு வரும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் அவசரமாகச் சட்டை மாட்டும்போது, 'வேணும்னே கையை மடக்கிக்கிது' என்று வீட்டில் கோபம் வருகிறது. குழந்தை வேண்டுமென்று செய்வதில்லை.

கை இறுகும் விதத்திலும் ஒரு பொதுவான வடிவம் இருக்கிறது. தோள் உள்பக்கமாகத் திரும்பும், முழங்கை மடங்கும், உள்ளங்கை தரையைப் பார்க்கும், மணிக்கட்டு கீழே தொங்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும். எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காததால், வருடங்கள் போகப் போக மூட்டு அந்த நிலையிலேயே உறைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. திடீரென்று உயரம் கூடும் பத்து, பன்னிரண்டு வயதில் இது வேகமாக நடக்கும்.

இறுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத இன்னொன்று, பழக்கம். ஒரு கை நன்றாக வேலை செய்யும்போது, சிரமப்படும் கையை எதற்குப் பயன்படுத்த வேண்டும்? குழந்தை ரொம்ப புத்திசாலித்தனமாக அந்தக் கையை ஓரங்கட்டிவிடுகிறது. பயன்படுத்தாததால் மூளையில் அந்தக் கைக்கான வழித்தடம் இன்னும் மங்குகிறது. மங்குவதால் இன்னும் பயன்படுத்துவதில்லை.

இழுத்து நீட்டினால் சரியாகுமா?

பிசியோதெரபி என்றதும் நம் மனதில் வரும் படம் இதுதான். குழந்தை படுத்திருக்கும். ஒருவர் கையைப் பிடித்து நீட்டி, மடக்கி, பத்து வரை எண்ணுவார். வீட்டுக்கு வந்தால் பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சி நீவி விடுவார்.

தசைகளை இழுத்து நீட்டும் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளை 2017-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. பக்கவாதம், பெருமூளை வாதம் மாதிரி நரம்பு சார்ந்த பாதிப்புகளில், இழுத்து நீட்டுவதால் மட்டும் மூட்டின் அசைவில் குறிப்பிடத்தக்க பலன் கிடைப்பதில்லை என்பதுதான் முடிவு. பெருமூளை வாத சிகிச்சைகளுக்கெல்லாம் டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசிய ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு, 2013-லும் 2020-லும் வெளியிட்ட பட்டியல்களில் ஒரு விஷயம் மாறவே இல்லை. குழந்தை சும்மா இருக்க, மற்றவர் அதன் உடலுக்குச் செய்யும் சிகிச்சைகள் கீழே இருக்கின்றன. குழந்தை தானே முயன்று செய்யும் பயிற்சிகள் மேலே இருக்கின்றன.

பாட்டியின் எண்ணெய்க் கிண்ணத்தை யாரும் பிடுங்க வேண்டாம். நீவி விட்டால் குழந்தைக்குச் சுகமாக இருக்கும், தூக்கம் வரும். அதுவே சிகிச்சை என்று நின்றுவிடுவதுதான் தப்பு. ஸ்பிளின்ட்டும் அப்படித்தான். மூட்டை ஒரு நிலையில் வைத்திருக்க அது உதவலாம். பந்தைப் பிடிப்பது எப்படி என்று ஸ்பிளின்ட் கைக்குச் சொல்லிக் கொடுக்காது. (ஏற்கெனவே டாக்டர் சொல்லி ஸ்பிளின்ட் போடும் குழந்தைக்கு, இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது, இது எதற்காக, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.)

அப்போ எதுதான் வேலை செய்யுது?

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு முறைகள் நன்றாக நிரூபிக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது, நல்ல கைக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுப்பது. நல்ல கையில் ஒரு மென்மையான உறையை மாட்டிவிட்டு, பாதிக்கப்பட்ட கையால் விளையாட வைப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டவுப் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் பிறந்த யோசனை இது. அந்தக் குரங்குகளை வைத்திருந்த விதத்துக்காக 1981-ல் அவருடைய ஆய்வகத்தில் போலீஸ் நுழைந்தது, வழக்கு நடந்தது. நல்ல சிகிச்சைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாமே சுத்தமாக இருப்பதில்லை.

இதைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றியவர் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்-கிறிஸ்டின் எலியாசன். அவருடைய திட்டம் எளிமையானது. ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரம் ஆறு நாள், ஆறு வாரம். பிறகு ஆறு வாரம் லீவு. மறுபடியும் ஆறு வாரம். பயிற்சி கொடுப்பது வீட்டில் இருக்கும் பெற்றோர். வாரம் ஒருமுறை தெரபிஸ்ட் வந்து பார்த்து, பொம்மைகளை மாற்றி, அடுத்த படியைச் சொல்லிக் கொடுப்பார். கூட்டிப் பாருங்கள், இரண்டு சுற்றும் சேர்ந்து 36 மணி நேரம். மருத்துவமனை மேசையில் ஒன்றரை வருடம் ஆகிற வேலை, வீட்டுத் தரையில் 18 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது முறை, இரண்டு கையையும் சேர்த்து வேலை வாங்குவது. இதைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ராட்டையில் தார் சுற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை சக்கரத்தைச் சுற்றும், இன்னொரு கை நூலைப் பிடித்துக் கொடுக்கும். இரண்டு கைக்கும் ஒரே வேலை இல்லை, ஆனால் இரண்டும் இல்லாமல் வேலை நடக்காது. பாதிக்கப்பட்ட கையை இப்படியொரு உதவிக் கையாகப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சி. வேர்க்கடலை உரிப்பது, கீரை ஆய்வது, பென்சில் சீவுவது, தோசையைப் பிய்ப்பது, தண்ணி பாட்டில் மூடியைத் திருகுவது எல்லாமே இதில் சேரும். வெளிநாட்டிலிருந்து வரும் கலர் கலர் தெரபி கிட் எதுவும் தேவைப்படாது.

இரண்டில் எது சிறந்தது? ஒரே அளவு நேரம் கொடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான் என்று 2019-ல் காக்ரேன் தொகுப்பு சொன்னது. முறையைவிட, நேரமும் குழந்தையின் சொந்த முயற்சியும்தான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. யூடியூப் பார்த்துவிட்டு நல்ல கையைத் துணியால் கட்டிப் போடக் கூடாது. எந்த வயதில், எவ்வளவு நேரம், எந்த விளையாட்டு என்பதைப் பயிற்சி பெற்றவர்தான் முடிவு செய்ய வேண்டும். சரியாகச் செய்யாவிட்டால் குழந்தைக்கு அது தண்டனையாகிவிடும். 'ஏம்மா, நல்லா இருக்கிற கையையும் கட்டிட்டா புள்ள என்னாதான் பண்ணும்?' என்று மாமியார் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் தெரபிஸ்ட் அம்மாவிடம் மட்டும் பேசினால் போதாது. பாட்டிக்கும் சேர்த்துத்தான் விளக்க வேண்டும்.

சோத்தாங்கை, பீச்சாங்கை

வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் இல்லாத ஒரு அத்தியாயம் நமக்கு உண்டு. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், அதுவும் வலது கையால்தான் சாப்பிட வேண்டும் என்று வைத்திருப்பவர்கள். வலது கை இறுகிய குழந்தை இடது கையால் சோறு எடுத்தால் பந்தியில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பல வீடுகளில் பத்து வயது வரை ஊட்டி விடுகிறார்கள்.

ஊட்டி விடுவதில் இரண்டு கையும் தோற்கின்றன. வலது கைக்குப் பயிற்சி இல்லை, இடது கைக்கு அனுமதி இல்லை. தினமும் மூன்று வேளை, வேளைக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 270 மணி நேரத்துக்கு மேல் வீணாகிறது. தட்டை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் சாப்பிடுவது, பெருமூளை வாதம் உள்ள ஒரு குழந்தைக்கு அருமையான இரண்டு கைப் பயிற்சி. எந்தச் சாமியும் இதற்குக் கோபிக்காது.

கைப்பழக்கம் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, இது கொஞ்சம் அவசரமானது. ஒரு வயதுக்கு முன்னால் எந்தக் குழந்தைக்கும் வலது கைப்பழக்கமோ இடது கைப்பழக்கமோ தெளிவாக வரக் கூடாது. எட்டு மாதக் குழந்தை எப்போதும் ஒரே கையால்தான் பொம்மையை எடுக்கிறது என்றால், 'அப்பா மாதிரியே நொட்டாங்கை' என்று கொஞ்சிவிட்டு விட்டுவிடக் கூடாது. மறு கை ஏன் வரவில்லை என்று குழந்தை நல மருத்துவரைக் கேட்க வேண்டும். நாலைந்து மாதம் ஆகியும் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியாகவே வைத்திருப்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறி. பயிற்சி பெற்றவர்கள் பார்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே பெருமூளை வாதத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2017-லேயே மருத்துவ வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனாலும் 'சில புள்ளைங்க லேட்டா நடக்கும்' என்ற ஆறுதலிலேயே இரண்டு வயது ஓடிவிடுவது இன்னும் நடக்கிறது. மூளை அதிகமாக வளைந்து கொடுக்கும் காலமும் அதுதான்.

பள்ளிக்கூடத்துத் தட்டு

பாசம் குழந்தையிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நேரம் வீட்டோடு முடிவதில்லை. அரசுப் பள்ளியில் மதிய உணவு மணி அடித்ததும் தட்டை எடுக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், சாம்பார் சிந்தாமல் இரண்டு கையால் தட்டைப் பிடித்து வந்து உட்கார வேண்டும், கடைசியில் கழுவ வேண்டும். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் சேர்ந்தால், தொடக்கப்பள்ளியில் இது தினமும் இரண்டு தடவை. ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல பயிற்சியை வடிவமைக்க முடியாது.

ஆனால் நடப்பது என்ன? 'நீ உக்காரு கண்ணு, அவன் எடுத்துட்டு வருவான்' என்று டீச்சர் இன்னொரு பையனை அனுப்புவார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசால் குழந்தைக்கு தினமும் இருபது நிமிடம் போகிறது. தட்டு ஒருமுறை கீழே விழும், இரண்டு முறை விழும். விழட்டும் என்று விட, டீச்சருக்கு யாராவது தைரியம் சொல்ல வேண்டும். சமக்ர சிக்ஷாவின் கீழ் வட்டார அளவில் இயன்முறை மருத்துவர்களும் சிறப்புப் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கு வரும் நாளில் குழந்தையைத் தனி அறைக்குக் கூட்டிப் போய்க் கையை நீட்டி மடக்குவதைவிட, மதிய உணவு நேரத்தில் டீச்சர் பக்கத்தில் நின்று இதைக் காட்டிக் கொடுத்தால் பலன் அதிகம்.

அம்மாவே தெரபிஸ்ட் ஆக வேண்டுமா?

இதெல்லாம் கடைசியில் அம்மா தலையில்தானே வந்து விடியும் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. சமையல், வேலை, இன்னொரு குழந்தை, மாமனார் மருந்து... இதற்கு நடுவில் 'வீட்டில் பயிற்சி கொடுங்கள்' என்று ஒரு தாளை நீட்டிவிட்டு அனுப்புவது சிகிச்சையாகாது. பொறுப்பைத் தள்ளிவிடுவதுதான் அது.

இதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. நோவாக் குழு 2009-ல் வெளியிட்டது. குடும்பமே இலக்கைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் எட்டு வாரம் பயிற்சி செய்தபோது குழந்தைகளின் கைச் செயல்பாடு முன்னேறியது. அந்தப் பெற்றோர் தினமும் செய்தார்களா? இல்லை. மாதத்துக்குச் சராசரியாகப் பதினேழு, பதினெட்டு முறை. ஒவ்வொரு முறையும் பதினாறு, பதினேழு நிமிடம். அவ்ளோதான். 'இன்னிக்கும் செய்யலையே' என்று குற்ற உணர்ச்சியில் குமையும் எந்த அம்மாவுக்கும் இந்த எண்ணைச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தப் பதினாறு நிமிடத்துக்குப் பின்னால் ஒரு தெரபிஸ்ட்டின் ஆதரவு தொடர்ந்து இருந்தது. நம் ஊரில் அதை எப்படிக் கொடுப்பது? தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தென்காசி பக்கத்தில் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் விபத்துக்குள்ளாகி கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் வீடு வீடாகப் போய் சின்னக் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். பின்னால் பிசியோ, ஆக்குபேஷனல், பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இருக்கிறார்கள். யாருக்கு என்ன இலக்கு, எவ்வளவு முன்னேற்றம் என்பதெல்லாம் செல்போன் ஆப்பில் பதிவாகிறது. நிபுணர் பஸ்ஸில் அலைய வேண்டியதில்லை, குழந்தையும் அலைய வேண்டியதில்லை.

தென்காசியில் முடிகிறது என்றால் காஞ்சிபுரத்தில் ஏன் முடியாது?

திட்டங்களுக்குக் குறைவில்லை

உண்மையில், காகிதத்தில் பார்த்தால் தமிழ்நாட்டில் இதற்கான எல்லாமே இருக்கிறது. 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டு வந்தது. உலக வங்கி உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' மையங்கள் திறக்கப்படுகின்றன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெருமூளை வாதத்தைப் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இயங்குகிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனியாகப் பிரிவதற்கு முன்னால் அது இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

ஆனால் ஏனாத்தூரிலிருந்து முட்டுக்காட்டுக்கு எப்படிப் போனாலும் இரண்டு, மூன்று பஸ் மாற வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும், கூட வருபவருக்கும் டிக்கெட் ஃப்ரீ. நேரம் ஃப்ரீ இல்லை. ஒரு நாள் கூலி போகும், குழந்தை அசந்துபோகும், அசந்துபோன குழந்தை அரை மணி நேரம் பயிற்சி செய்யாது.

மையம் திறப்பது தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மதிப்பீடு செய்ய, போடாக்ஸ் ஊசி போட, அறுவை சிகிச்சை தேவையா என்று பார்க்க மையங்கள் வேண்டும். ஆனால் எத்தனை மையம் திறந்தோம், எத்தனை பேர் வந்து போனார்கள், எத்தனை உபகரணம் கொடுத்தோம் என்பதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தால், குழந்தையின் கை எத்தனை மணி நேரம் வேலை செய்தது என்பது எந்தக் கணக்கிலும் வராது. மையத்தின் வேலை, பெற்றோருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் டீச்சருக்கும் சொல்லிக் கொடுப்பது என்று மாற வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு இலக்கு, வாரம் ஒரு வீடியோ கால், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகை. அங்கன்வாடிக்கு வரும் குழு எடையும் உயரமும் பார்க்கிற நேரத்தில் இரண்டு கையையும் பார்க்கட்டும். ஆறு வாரப் பயிற்சிக் காலத்தில் வேலைக்குப் போக முடியாத அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அந்த நாட்களுக்கு ஒரு உதவித்தொகை கொடுத்தால், அதைச் செலவு என்று பார்க்காமல் தெரபிஸ்ட்டுக்குக் கொடுக்கும் சம்பளம் மாதிரி பார்க்கலாம்.

எல்லாக் கைக்கும் ஒரே இலக்கு இல்லை

மேலே சொன்ன பயிற்சிகள் ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட, கொஞ்சமாவது பிடிக்க முடிகிற குழந்தைகளுக்கு. இரண்டு கையும் கடுமையாக இறுகிய குழந்தைகளின் கதை வேறு. அங்கே இலக்கு வலி குறைவது, உள்ளங்கையைச் சுத்தம் செய்ய முடிவது, சட்டை மாட்டுவது சுலபமாவது. சில நேரம் ஒரே ஒரு விரல். 1972-ல் மும்பையில் மிது ஆலூர் தன் மகளுக்காகத் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டிதான், 1985-ல் சென்னையில் 'வித்யா சாகர்' உருவாகவும் வழிவகுத்தது. அந்த மகள் மாலினி சிப், ஒரே ஒரு விரலால் டைப் செய்து தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பெயர்: 'ஒன் லிட்டில் ஃபிங்கர்'.

போடாக்ஸ் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இறுக்கத்தைக் குறைப்பதில் அது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் மூன்று, நான்கு மாதம்தான் நிற்கும். அந்த ஜன்னல் திறந்திருக்கும்போது பயிற்சி செய்யாவிட்டால், ஊசிக்குக் கொடுத்த காசுக்குக் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஸ்டெம் செல் விஷயம் வேறு. 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே பெருமூளை வாதத்துக்கு அதை சிகிச்சையாக விற்கவே கூடாது. லட்சக்கணக்கில் கேட்டு யாராவது பேக்கேஜ் பேசினால், நகையை அடகு வைக்கும் முன் இதை ஞாபகத்தில் வையுங்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படியொரு குழந்தை இருந்தால், முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை வாங்குங்கள். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. வெளிநோயாளி சிகிச்சையும் தெரபியும் அதில் அடங்கும், சின்னக் கட்டணம்தான், ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பள்ளி வயதுக் குழந்தை என்றால் வட்டார வள மையத்தில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது, 'எத்தனை சிட்டிங்ல சரியாகும்?' என்ற கேள்விக்குப் பதிலாக, 'இந்த ஆறு வாரத்துல புள்ள தானா என்ன செய்யணும், நாங்க வீட்ல என்ன பண்ணணும்?' என்று கேட்டுப் பாருங்கள். கூடவே பாட்டியையும் அழைத்துப் போங்கள்.